சிவப்பு மைப் பதிவுகளும் சிப்பாய்க்கு மறுக்கப்படும் நியாயமும்

இந்திய இராணுவத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு தண்டனைப் பதிவேடு உண்டு. சிறு தவறுகள் அதில் கறுப்பு மையில் எழுதப்படும்; கடுமையானவை என்று கருதப்படும் தண்டனைகள் சிவப்பு மையில் ஏறும். விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியது, குடிபோதையில் காணப்பட்டது, மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது போன்றவற்றுக்குக் கட்டளை அதிகாரி விதிக்கும் தண்டனைகளே பெரும்பாலும் இந்தப் பதிவுகளாகின்றன. நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்துவிட்டால், ‘இனி இவரது சேவை தேவையில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பும் நடைமுறை தொடங்கிவிடுகிறது. இராணுவ நீதிமன்ற விசாரணை கிடையாது, வழக்கறிஞர் கிடையாது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை கிடையாது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் எல்லையில் நின்ற ஒருவர் ஒரு பெட்டியோடும் ஒரு காகிதத்தோடும் ஊருக்கு வந்து சேருகிறார்.

அந்தக் காகிதத்தோடு அவர் எவற்றையெல்லாம் இழக்கிறார் என்பது ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. அதிகாரி அல்லாத படைவீரருக்குச் சேவை ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பொதுவாக மாத ஓய்வூதியம் இல்லை. ஒழுங்கீனம் அல்லது திறமையின்மைக்காக வெளியேற்றப்பட்டவர் அரசு வேலைவாய்ப்பு விதிகளின்படி ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள்ளும் வருவதில்லை. எனவே இடஒதுக்கீடு இல்லை; முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. குடிநோயாளி என்று சொல்லி வெளியேற்றப்பட்டவருக்குக் குடிநோய்க்கான சிகிச்சையும் சேர்த்தே மறுக்கப்படுகிறது.

ஒழுங்கு வேண்டும் என்பதில் மறுப்பில்லை

ஆயுதம் ஏந்திய படைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. போதையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒருவர் முதலில் ஆபத்து விளைவிப்பது பக்கத்தில் நிற்கும் சக சிப்பாய்க்குத்தான். 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 48ஆவது பிரிவு குடிபோதையைக் குற்றமாகவே கருதுகிறது. பணியில் இருக்கும்போது அவ்வாறு காணப்படும் சிப்பாய்க்கு இராணுவ நீதிமன்றம் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பணியில் இல்லாதபோது ஆறு மாதம் வரை விதிக்கலாம். குற்றம் கடுமையானது என்றால் குற்றச்சாட்டை முறையாக எழுதி, விசாரித்து, நிரூபித்துத் தண்டிக்கச் சட்டம் வழி தந்திருக்கிறது.

ஆனால் அந்த வழி நீண்டது. குறுக்குவழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி கட்டளை அதிகாரி தானே விசாரித்து 28 நாட்கள் வரை சிறைக்காவல் விதிக்கலாம். குற்றம் சாட்டுபவரும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே அமைப்பின் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். இப்படிக் கிடைத்த நான்கு தண்டனைகளைக் கூட்டி, 1954ஆம் ஆண்டு இராணுவ விதிகளின் 13ஆவது விதியின் கீழ் ‘நிர்வாக முறையில்’ விடுவித்துவிடலாம். பிரிகேட் தளபதி விளக்கம் கேட்டு அறிவிப்பு தர வேண்டும் என்று விதி சொல்கிறது. அதிலும் ‘சூழ்நிலை அனுமதித்தால்’ என்ற நிபந்தனை இருக்கிறது. பெயருக்கு இது தண்டனை இல்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் நீடிக்கும் தண்டனையாகவே முடிகிறது.

நீதிமன்றம் சொன்னது, முகாம்களில் மறந்தது

இந்தக் குறுக்குவழியை உச்ச நீதிமன்றம் கேள்விக்குட்படுத்தாமல் இல்லை. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் வழங்கப்பட்ட தீர்ப்பு மிகத் தெளிவானது. நான்கு சிவப்பு மைப் பதிவுகள் இருக்கின்றன என்பதாலேயே ஒருவரை வெளியேற்றிவிட முடியாது. 1988 டிசம்பர் 28 அன்று இராணுவத் தலைமையகம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி முதலில் பாரபட்சமற்ற விசாரணை நடத்த வேண்டும். குற்றங்களின் தன்மை, சேவைக் காலத்தின் நீளம், கடினமான இடங்களில் பணியாற்றிய அனுபவம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வெறும் விளக்க அறிவிப்பு அந்த விசாரணைக்கு ஈடாகாது என்றும் சொன்னது. ஓய்வூதியத் தகுதி பெறும் காலம் வரை அவர் பணியில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று உத்தரவிட்டது. பழைய சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை.

இராணுவத் தலைமையகமே 1988இல் எழுதிய விதியை நிறைவேற்றச் சொல்லி ஒரு சிப்பாய் 2015இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதுவரை எத்தனை பேர் அந்தச் சுற்றறிக்கை இருப்பதே தெரியாமல் ஊர் திரும்பியிருப்பார்கள்? அந்தக் கணக்கை ஒன்றிய அரசு கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மறுபுறம் 2023 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். விடுப்பு முடிந்த பின் 108 நாட்கள் திரும்பாத ஓட்டுநர் ஒருவரின் பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனைவியின் உடல்நிலை மோசமாக இருந்தது என்பது அவருடைய விளக்கம். ஏற்கெனவே பலமுறை தண்டிக்கப்பட்டவர் என்பதும் ஆயுதப் படையில் இத்தகைய ஒழுங்கீனத்தை ஏற்க முடியாது என்பதும் நீதிமன்றத்தின் பதில். ஒரு தீர்ப்பு சிப்பாயின் முழு வாழ்க்கையையும் பார்க்கச் சொல்கிறது. இன்னொன்று பதிவேட்டைப் பார்க்கிறது. எந்தப் பார்வை மேலோங்கும் என்பது அமர்வைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது. அதனால்தான் சுற்றறிக்கையில் இருப்பதைச் சட்டமாக்க வேண்டியிருக்கிறது.

ஒரே மனிதர், இரண்டு கதவுகள்

குடிநோயில் சிக்கிய சிப்பாய் இராணுவத்தை விட்டு வெளியேற இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று மருத்துவக் குழுவின் கதவு. மனநல மருத்துவர் பரிசோதித்து, தாழ்ந்த மருத்துவப் பிரிவில் வைத்து, சிகிச்சை அளித்து, தேறாவிட்டால் உடல்தகுதி இழந்தவராக விடுவிப்பது. பத்தாண்டுகள் சேவை செய்தவருக்கு அந்த வழியில் ஒரு மாத ஓய்வூதியமாவது கிடைக்கும். மற்றொன்று சிவப்பு மையின் கதவு. அதில் பதினான்கு ஆண்டு சேவைக்குக்கூட ஓய்வூதியம் உறுதியில்லை. நோய் ஒன்றுதான், மனிதரும் ஒருவர்தான். எந்தக் கதவு திறக்கும் என்பது, போதையில் பிடிபட்ட அன்று கட்டளை அதிகாரி அவரை மருத்துவமனைக்கு அனுப்பினாரா, காவல் அறைக்கு அனுப்பினாரா என்பதைப் பொறுத்தது.

முதல் கதவிலும் ஒரு தடை வைக்கப்பட்டிருக்கிறது. மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றின் மிகையான பயன்பாட்டால் வந்த பாதிப்பு அவரவர் கட்டுப்பாட்டுக்குள் இருப்பது. எனவே அதற்கு இழப்பீடு இல்லை என்பது படைவீரர் இயலாமை ஓய்வூதிய விதிகளின் நிலைப்பாடு. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. மது, போதைப்பொருள் துஷ்பிரயோகத்தோடு தொடர்புடைய மனநிலைகளை அது மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு நோயாகத் தெரிவது பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒழுக்கக்கேடாக மட்டும் தெரிகிறது.

2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முரண்பாட்டைத் தொட்டது. மனநலப் பாதிப்புள்ள ஊழியர்மீது அந்தப் பாதிப்பைக் கருதாமல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று அது கூறியது. அந்தக் கோட்பாடு அதிகாரிக்குப் பொருந்தும் என்றால் சிப்பாய்க்கும் பொருந்த வேண்டும். துணை இராணுவத்துக்குப் பொருந்தும் என்றால் இராணுவத்துக்கும் பொருந்த வேண்டும்.

கோப்பை யார் கையில் கொடுத்தது?

பழக்கம் தனிமனிதரின் குறை என்று சொல்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். படைவீரர் கேன்டீன்களில் மது சலுகை விலையில் கிடைக்கிறது. உயரமான பனிப் பகுதிகளில் ரம் பங்கீடாகவே வழங்கப்படுகிறது. மாலையில் குவளையை நீட்டிய அதே அமைப்பு, காலையில் அதன் விளைவுக்குச் சிவப்பு மையைத் திறக்கிறது. அதிகாரிகளின் மெஸ்ஸில் குடி ஒரு பண்பாடு. சிப்பாயின் பாரக்கில் அது ஒரு குற்றம்.

ஏன் குடிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் இல்லாமல் இல்லை. தில்லியில் உள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற, இராணுவத்துக்கு நெருக்கமான ஆய்வு அமைப்பின் ஓர் ஆய்வு 2021 தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. படையினரில் பாதிக்கும் மேற்பட்டோர் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாக அது சொன்னது. சிப்பாய்களைப் பொறுத்தவரை விடுப்பு தாமதம், விடுப்பு மறுப்பு, ஓய்வற்ற பணி, குடும்பப் பிரச்சினைகள், மேலதிகாரிகளின் அவமதிப்பு ஆகியவை காரணங்களாக அதில் இடம்பெற்றன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை போதாது என்று கூறி இராணுவம் அதை நிராகரித்தது. போதாது என்றால் பெரிய ஆய்வை நடத்தியிருக்கலாம். 2022இல் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் 800க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 642 பேர் தரைப்படையினர். அரசின் வாயிலிருந்தே வந்த எண் இது.

குடிப்பழக்கம் என்ற குற்றச்சாட்டு சில வேளைகளில் வேறு பயனுக்கும் உதவுகிறது. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ், தமக்குத் தரப்படும் உணவின் தரத்தைக் காணொளியில் காட்டினார். நாடே அந்த ரொட்டியையும் பருப்பையும் பார்த்தது. படை நிர்வாகத்தின் முதல் பதில்களில் ஒன்று, அவர் நாள்பட்ட குடிப்பழக்கமும் ஒழுங்கீன வரலாறும் உடையவர் என்பது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். குற்றச்சாட்டு உண்மையா, பொய்யா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேள்வி கேட்கும் வரை சகித்துக்கொள்ளப்பட்ட பழக்கம், கேள்வி கேட்ட மறுநாள் ஆவணமாகிறது என்பதே கவனிக்க வேண்டியது. பதிவேட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது எப்போதும் குற்றத்தின் அளவு மட்டுமே என்று நம்புவது கடினம்.

இது புதிதும் அல்ல. ரஞ்சித் தாக்கூர் என்ற சிப்பாய், மேலதிகாரி தன்னை மோசமாக நடத்துவதாக நேரடியாக உயர் அதிகாரிகளுக்கு மனு அனுப்பியதற்காக 28 நாட்கள் சிறைக்காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்தபோது உணவு உண்ணச் சொன்ன கட்டளையை மறுத்தார் என்று மறுபடியும் விசாரிக்கப்பட்டு, ஓராண்டு சிறையும் பணிநீக்கமும் பெற்றார். முதல் தண்டனையைத் தந்த அதிகாரியே இரண்டாவது விசாரணையிலும் அமர்ந்திருந்தார். 1987இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை நீதியின் மனச்சாட்சியை உறுத்தும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது ஒரு சிப்பாய் சாப்பிட மறுத்த வழக்கில்தான்.

வல்லரசின் படையிலும் இதே கதை

ஆக்கிரமிப்புப் போர்களுக்காகவே வளர்க்கப்பட்ட அமெரிக்க இராணுவம் எவருக்கும் முன்மாதிரி அல்ல. ஆனால் அங்கே எண்கள் வெளிவருகின்றன. அந்நாட்டு அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்ட 91,764 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது 62 விழுக்காட்டினருக்கு, வெளியேற்றத்துக்கு முந்தைய இரண்டாண்டுகளுக்குள் போர் அதிர்ச்சி மனநோய், மூளைக் காயம், மதுப் பழக்கம் சார்ந்த பாதிப்பு போன்ற ஏதேனும் ஒன்று இருப்பதாக மருத்துவர்களே பதிவு செய்திருந்தனர். ‘ஒழுங்கீனம்’ என்று எழுதப்பட்ட கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் அடியில் ஒரு மருத்துவக் குறிப்பு இருந்திருக்கிறது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பயன்படுத்தியவர்களை ஏகாதிபத்தியம் தூக்கியெறிந்த விதம் அது.

எனினும் வியட்நாம் போர் வீரர்கள் தொடங்கி நடத்திய நீண்ட போராட்டங்களின் விளைவாக, அங்கே பழைய வெளியேற்றங்களை மறுபரிசீலனை செய்யும்போது மனநலப் பாதிப்பைத் தாராளமாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2014இலும் 2017இலும் வெளியிடப்பட்டது. 1944இல் உருவான மறுஆய்வுக் குழுக்களிடம் வெளியேற்றத்திலிருந்து 15 ஆண்டுகள் வரை மனுச் செய்யலாம். இந்தியாவில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுக விதிக்கப்பட்ட காலம் ஆறு மாதம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றாலும், குடியில் தளர்ந்து, அவமானத்தில் முடங்கி, வேலை தேடி அலையும் ஒருவருக்கு அந்த ஆறு மாதம் எப்படிக் கழியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பாயமே 2009இல்தான் செயல்படத் தொடங்கியது. இராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒரு மேல்முறையீடுகூட இல்லாத நிலையை 1982இலேயே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியிருந்தது. சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் மண்டல அமர்வுகள் இருக்கின்றன. ஆனால் தீர்ப்பாயம் நிர்வாக ரீதியாகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஏறத்தாழ எல்லா வழக்குகளிலும் எதிர்த்தரப்பு அதே அமைச்சகம். நீதிபதியோடு அமரும் நிர்வாக உறுப்பினர் பெரும்பாலும் மேஜர் ஜெனரல் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். சிப்பாயாகப் பணியாற்றியவருக்கு அந்த இருக்கையில் இடமில்லை. 2015இல் உயர் நீதிமன்றத்தின் கதவும் ஏறத்தாழ மூடப்பட்டது. 2023 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் திறந்தது.

அக்னிவீரர்களுக்கு இன்னும் மோசம்

2022 ஜூன் 14 அன்று மோடி அரசு அறிவித்த அக்னிபாத் திட்டம் இந்தப் பிரச்சினையைப் பல மடங்காக்கும். நான்காண்டு முடிவில் 75 விழுக்காட்டினர் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இன்றி வெளியே அனுப்பப்படுவார்கள். நிரந்தரமாகும் 25 விழுக்காட்டில் இடம்பிடிக்க வேண்டும் என்ற நிலையில், எந்த இளைஞர் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றோ, குடியை நிறுத்த முடியவில்லை என்றோ படைப்பிரிவு மருத்துவரிடம் போய்ச் சொல்வார்? நோயை மறைப்பதே பிழைக்கும் வழியாகிறது. மறைக்க முடியாமல் போகும் நாளில் சிவப்பு மைகூடத் தேவைப்படாது. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்ற ஒரு வரி போதும்.

குரலற்றவர்களுக்காக

அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவும் இராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவும் சிப்பாய்களின் சங்கம் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்துகின்றன. அவர்களுக்குச் சங்கம் இல்லை. கூட்டுப் பேரம் இல்லை. பத்திரிகையோடு பேசும் உரிமையும் இல்லை. அவர்கள் விவசாயிகளின், கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். 1930இல் பெஷாவரில் நிராயுதபாணிகளான மக்கள்மீது சுட மறுத்த கர்வால் படைவீரர்களின் தலைவர் சந்திர சிங் கர்வாலி ஆயுள் தண்டனை பெற்றார். விடுதலைக்குப் பின் கம்யூனிஸ்டாக வாழ்ந்தார். 1946இல் கெட்ட உணவையும் இனவெறி வசவுகளையும் எதிர்த்து எழுந்த கடற்படை மாலுமிகளோடு பம்பாய்த் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். பணியிழந்த அந்த மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை திரும்ப ஏற்கவில்லை. சீருடைக்குள் இருக்கும் உழைப்பாளியின் நியாயத்தைப் பேசுவது இடதுசாரி இயக்கத்துக்குப் புதிய வேலை அல்ல.

தேசபக்தியைத் தேர்தல் சரக்காக்கும் ஆட்சியாளர்கள் சிப்பாயின் படத்தைச் சுவரொட்டியில் போடுகிறார்கள்; அதே சிப்பாய் தளர்ந்து விழுந்தால் கோப்பை மூடிவிடுகிறார்கள். இதை மாற்றக் குறைந்தபட்சம் சில கோரிக்கைகளை நாடாளுமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் முன்வைக்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, 1988 சுற்றறிக்கையின் பாதுகாப்புகளை இராணுவ விதிகளிலேயே சேர்க்க வேண்டும். பாரபட்சமற்ற விசாரணை இன்றி எந்த நிர்வாக வெளியேற்றமும் செல்லாது என்றாக வேண்டும்.

இரண்டாவதாக, மது அல்லது போதைப் பழக்கம் சம்பந்தப்பட்ட எந்த வழக்கிலும் வெளியேற்றத்துக்கு முன் மருத்துவக் குழுவின் பரிசோதனையும் போதிய காலச் சிகிச்சையும் கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவதாக, ஏற்கெனவே வெளியேற்றப்பட்டோரின் கோப்புகளை மறுஆய்வு செய்யச் சுயேச்சையான குழு அமைக்க வேண்டும். அதை அணுக ஆறு மாதக் கெடு கூடாது. மனநல மருத்துவரும் முன்னாள் சிப்பாய்களும் அதில் இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, எந்தக் காரணத்துக்காக விடுவிக்கப்பட்டாலும் போதை மீட்பு, மனநலச் சிகிச்சை ஆகியவை இராணுவ மருத்துவமனைகளில் வாழ்நாள் முழுதும் கிடைக்க வேண்டும். அக்னிவீரர்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

ஐந்தாவதாக, தீர்ப்பாயத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து விலக்க வேண்டும். நிர்வாக முறையில் வெளியேற்றப்படுவோரின் எண்ணிக்கையையும் காரணங்களையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற வேலையும் உண்டு. வேலை பார்த்த இடத்தின் பெயரைச் சொல்லவே கூசி, பகலிலேயே குடித்துக் கிடக்கும் முன்னாள் சிப்பாய் ஒருவர் பல கிராமங்களில் இருக்கிறார். ஊர் அவரைக் கேலி செய்கிறது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கூலி வேலைக்குப் போகிறார்கள். அவர் எத்தனை ஆண்டு சேவை செய்தார், எங்கெல்லாம் பணியாற்றினார், விடுவிப்பு ஆணையில் என்ன எழுதியிருக்கிறது, வெளியேற்றத்துக்கு முன் விசாரணை நடந்ததா என்று கிளைத் தோழர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆணையின் நகலோடு தோழமை வழக்கறிஞர்களை அணுக வேண்டும். ஒரு சிப்பாயின் பதினான்கு ஆண்டு உழைப்பு நான்கு வரிச் சிவப்பு மைக்குள் அடங்கிவிடாது என்பதை அவருக்கு முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.